பெர்சிஸுக்காக ஏறெடுத்த ஜெபம்

உக்காருங்க ஐயரம்மா. அந்தச் சேர் வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் போடுதேன். ஆட்டோ நிக்கட்டும், நிக்கட்டும். உள்ள வான்னு நான் கூப்பிடாமலா இருந்தேன்? வாசல் வரைக்கும் வந்துட்டு ஆட்டோவை விட்டு இறங்க மாட்டேன்னு உக்காந்திருக்கது லீதியாதான். என் கூடப்பிறந்த தங்கச்சி. எங்கம்மா கண்ணை மூடும்போது ஒழுங்காப் பாவாடை கட்டத் தெரியாம நின்னவ. அவளுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது யாரு? இன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா, சபைக்குப் புதுசா வந்த பாஸ்டர் சம்சாரம் உங்களைத் தூது அனுப்புதா.

என்ன சொல்லி அனுப்பினான்னு எனக்குத் தெரியும். நீங்க சிரமப்பட்டுச் சொல்லாண்டாம். வியாழக்கிழமை அவ மக பெர்சிஸுக்குக் கல்யாணம். பாளையங்கோட்டையில, மாப்பிள்ளை வீட்டுச் சபைக் கோயில்ல. தாயும் மகளும் இப்பவே கிளம்பியாச்சு. நான் எந்திரிச்சுப் போய், ஆட்டோ பக்கத்துல நின்னு, பெர்சிஸ் முகத்தைப் பாத்து, 'தெரிஞ்சேதான் செஞ்சேன், என்னை மன்னிச்சிரு'ன்னு சொல்லணும். சொன்னா இப்பவே என்னையும் ஏத்திட்டுப் போவாவ. சொல்லலன்னா கல்யாணத்துப் பக்கமே தலை வச்சுப் படுக்கக் கூடாது. அதானே? பெத்த பெரியம்மாவுக்கு இந்த மரியாதை. ஆமா, பெறாமப் பெத்த பெரியம்மாதான். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஆண்டவர் பிள்ளை பாக்கியம் குடுக்கல. அவர் போன பொறவு இந்த வீட்ல எனக்குன்னு வந்து போற ஒரே உசுரு பெர்சிஸ்தான். அவளை இடுப்புல வச்சுக்கிட்டே நான் பாடம் நடத்தியிருக்கேன், தெரியுமா?

அந்தா பாருங்க, கட்டிலுக்கு அடியில. பை கட்டியாச்சு. பட்டுச்சேலை, மாத்துச்சேலை, பைபிள், பாட்டுப்புஸ்தகம் எல்லாம் எடுத்து வச்சாச்சு. போகக் கூடாதுன்னு நினைக்கிறவ பையா கட்டுவா? நீங்களே சொல்லுங்க.

காப்பி போடட்டா? வேண்டாமா? சரி, இருங்க, சொல்லுதேன். நீங்க இந்தச் சபைக்கு வர்றதுக்கு முந்தி நடந்த கதை. யாரு யாரு உங்ககிட்ட என்னென்ன ஓதி வச்சிருக்காவளோ. என் வாயால கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

பெர்சிஸுக்குச் சின்ன வயசுல வலிப்பு வரும். முதல்ல வந்தது எங்க பள்ளிக்கூடத்து வராந்தாவுல. என் மடியிலதான் தெளிஞ்சா. கண்ணைத் திறந்ததும், 'பெரியம்மா, நான் கீழ விழுந்துட்டனா'ன்னு கேட்டா. பொறவு பெரிய டாக்டர்ட்ட காட்டி, மாத்திரை குடுத்து, காலேஜ் போறதுக்குள்ள எல்லாம் நின்னு போச்சு. மாத்திரை மட்டும் விடல, தினம் ஒண்ணு. இது லீதியாவுக்குத் தெரியும், செத்துப்போன அவ வீட்டுக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது.

பொறவு போன வருஷம், இப்ப முடிஞ்சதுக்கு முந்தி, ஒரு சம்மந்தம் வந்துச்சு. நாசரேத்துப் பக்கம், பேங்க்ல வேலை, நல்ல குடும்பம். லீதியா என்ன செஞ்சா தெரியுமா? எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டு, நிச்சயத்துக்கு நாளும் குறிச்சுட்டு, கடைசியா வந்து இந்தா நீங்க உக்காந்திருக்க இடத்துல உக்காந்துட்டு, 'அக்கா, பெர்சிஸுக்கு முடிச்சாச்சு'ங்கா. முடிச்சாச்சாம்! கறிக்கடையில கறி வாங்கின மாதிரி. எனக்குச் சந்தோசந்தான், சந்தோசம் இல்லாமலா? ஆனா ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாண்டாமா? மாப்பிள்ளையப் பாக்கப் போகும்போது என்னைக் கூப்பிட்டாளா? நான் அதைப் பெருசா எடுக்கல. பழைய எப்சிபாவா இருந்தா அன்னைக்கே காப்பித் தம்ளரைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். ஊர்ல கேட்டுப் பாருங்க, என் கோபத்தைப் பத்தி. கன்வென்ஷன் எழுப்புதல் கூட்டத்துல ஆண்டவர் என்னைத் தொட்ட பொறவு அதெல்லாம் கழுவித் துடைச்ச மாதிரி போயிட்டு. சபையில எந்திரிச்சுச் சாட்சிகூடச் சொல்லியிருக்கேன், எல்லாரும் அழுதாவ. அதனால அன்னைக்குச் சிரிச்ச முகமாத்தான் இருந்தேன். 'நல்லதுட்டி, ஆண்டவர் சித்தம்'னுதான் சொன்னேன்.

மாத்திரை விஷயத்தைச் சொல்லிட்டியான்னு கேட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிட்டு. 'ஞாயித்துக்கிழமை நானே நேர்ல போய் மாப்பிள்ளை வீட்லயே பக்குவமாச் சொல்லப் போறேன் அக்கா. டாக்டர் சீட்டையும் எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் நீ யார்ட்டயும் வாயைத் திறந்துராத'ன்னா. நான் ஏன் திறக்கப் போறேன்? திறக்கவே இல்லையே! இன்னைக்கு வரைக்கும் ஒரு மனுஷர்ட்ட, ஒரு மனுஷிட்ட, நான் அதைச் சொன்னேன்னு யாராவது கை நீட்டிச் சொல்லட்டும் பாப்போம்.

நான் ஆண்டவர்ட்டதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நம்ம பெண்கள் சங்கத்து வீட்டு ஜெபம். அந்த வாரம் என் வீட்ல முறை. பாய் விரிச்சு, பாட்டுப் பாடி, ஆளுக்கு ஒரு ஜெபக்குறிப்பு எடுத்து வரிசையா ஜெபிச்சுட்டு வாறோம். மழைக்காக ஒருத்தி, மிஷனரிகளுக்காக ஒருத்தி. என் முறை வந்துச்சு. வாலிபப் பிள்ளைகளுக்காக. நான் முழங்கால் போட்டேன், கண்ணை மூடினேன். அப்ப எனக்குள்ள ஒரு பாரம் வந்துச்சு பாருங்க ஐயரம்மா, பாரம்னா அப்படி ஒரு பாரம், நெஞ்சை அடைக்குது. நான் என்ன வேணும்னா சொன்னேன்? ஆவியானவர் ஏவுனார், வாய் பேசுச்சு. 'அன்பின் பிதாவே, எங்க பெர்சிஸ் மகளை உம்முடைய கரத்தில் வைக்கேன். சின்ன வயசுலருந்து அவளை வாதிக்கிற அந்த வலிப்பை நீர் அறிவீர். தினமும் அவ சாப்பிடுத மாத்திரையை நீர் அறிவீர். வாக்கப்படப் போற வீட்ல அந்த வியாதி அவளை வெக்கப்படுத்தாதபடி...' இப்படித்தான் போச்சு. கண்ணீரோட ஜெபிச்சேன். கண்ணீரோட! நடிக்கிறவளுக்குக் கண்ணீர் வருமா?

மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தி நம்ம வடக்குத் தெருவுலதான் வாக்கப்பட்டிருக்கா. அன்னைக்கு அவளும் கூட்டத்துல இருந்தா. அதுக்கு நான் என்ன செய்ய? ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடித்தானே இருக்கோம்? யாரு இருக்கா, யாரு இல்லன்னு எட்டிப் பாத்துக்கிட்டா ஜெபிப்பாவ?

என்ன கேக்கிய?

யாரு கூட்டிட்டு வந்தாவன்னா... நான்தான் போய்க் கூப்பிட்டேன். ஏன், அதுல என்ன இருக்கு? ஒரு ஆத்துமாவை ஜெபத்துக்கு அழைக்கது தப்பா? அவ அதுக்கு முந்தி ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்ல, டி.வி.க்கு முன்னால இருந்து எந்திரிக்க மாட்டா. சம்மந்தம் ஆகப்போற வீடாச்சே, ஒரு ஐக்கியம் இருக்கட்டும்னுதான் கூப்பிட்டேன். எனக்கு எதிர்ல இடம் போட்டு உக்கார வச்சேன். முதல் தடவை வாறவளைக் கதவோரத்துல உக்கார வைக்க முடியுமா? நீங்க உங்க வீட்ல அப்படிச் செய்வியளா? என்ன ஐயரம்மா, போலீஸ் மாதிரி கேள்வி கேக்கிய.

இருங்க, ஹாரன் அடிக்கான். அடிக்கட்டும். கல்யாணம் வியாழக்கிழமைதானே. இன்னைக்குச் சனிக்கிழமை. அப்படி என்ன தலைபோற அவசரம்?

நான் ஜெபிக்க ஜெபிக்க எல்லாரும் 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்'னு சொல்லிட்டே இருந்தாவ. அவளும்தான். மாத்திரைன்னு நான் சொன்னதும் அந்த ஒரு குரல் மட்டும் டக்குன்னு நின்னு போச்சு. நான் விடல. நின்ன ஆத்துமாவுக்கும் சேத்து இன்னும் கொஞ்சம் பாரத்தோட, இன்னும் கொஞ்சம் விவரமா ஜெபிச்சேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா, அவ இடம் காலியா கிடக்கு. சுண்டல்கூடச் சாப்பிடாமப் போயிட்டா.

மறுநாளே சம்மந்தம் வேண்டாம்னுட்டாவ. நிச்சயத்துக்குச் சொல்லி வச்ச சமையக்காரரை லீதியா திரும்ப அனுப்பும்போது தெருவே பாத்துச்சு. பெர்சிஸுக்கு அந்த வாரமே வலிப்பு வந்துட்டு. அத்தனை வருஷமா வராதது. அடுப்படியில விழுந்து நெத்தியில தையல் போட்டிருக்கு. இப்பவும் பாத்தா தெரியும், இந்தா, புருவத்துக்கு மேல. கேட்டதும் நான் அடிச்சுப் பிடிச்சு ஓடினேன். லீதியா கதவைத் திறக்கல. வெளியில நின்னு எவ்வளவு நேரம் கூப்பிட்டேன்! வேதனையாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்காதிய. அந்த வியாதி இருக்கத்தானே செய்யுது? நான் பொய்யா சொன்னேன்? இல்லாததை இட்டுக்கட்டினா அது பாவம். இருக்கதைப் பிதாவுக்கு முன்னால வச்சா அதுக்குப் பேரு என்ன?

இதுக்குப் பொறவு பெர்சிஸ் எனக்குச் செஞ்சதுதான் கொடுமை. ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வெளியில வாறோம். கோயில் படியில வச்சு, அத்தனை சபையாருக்கும் முன்னால, நெத்தியில கட்டோட அந்தப் பிள்ளை என்கிட்ட வந்தா. 'பெரியம்மா, இனி எனக்காக ஜெபம் பண்ணாதீங்க. உங்க வாயில என் பேரே வரக் கூடாது'ன்னா. என்னைப் பாத்து! வருஷக்கணக்கா ஞாயிறு பள்ளி நடத்தினவ நான். பெண்கள் சங்கத்துச் செக்ரட்டரி. என் காதுபடவே ரெண்டு பேர் சிரிச்சாவ. அன்னைக்கு வீட்டுக்கு நடந்து வந்தது எனக்கு ஞாபகமே இல்ல. கதவைப் பூட்டிக்கிட்டு அழுதேன். யாராவது அதைக் கேட்டாவளா? எல்லாரும் பெர்சிஸ், பெர்சிஸ்னாவளே தவிர, எப்சிபா டீச்சருக்கு என்ன ஆச்சுன்னு கேக்க ஒரு நாதி இல்ல.

இருந்தாலும் நான் மனசுல எதையும் வைக்கல. அதான் கிருபை.

உங்க வீட்டு ஐயர் போன வாரம் பிரசங்கத்துல சொன்னாவல்லா, விசுவாசி ஒரே நாள்ல பூரணம் ஆகிறதில்ல, விழுந்து எந்திரிச்சுத்தான் வளரணும்னு. நான் குறிப்புகூட எடுத்தேன். நான் பூரணம்னு என்னைக்காவது சொல்லியிருக்கனா? என்னைவிடப் பாவி இந்தச் சேகரத்துச் சபை எதுலயும் கிடையாதுன்னு எத்தனை கூட்டத்துல சொல்லியிருக்கேன். பாவ அறிக்கை ஜெபம் சொல்லும்போது நம்ம கோயில்ல யாரு சத்தம் பெருசாக் கேக்கும்? கவனிச்சிருப்பியளே. நினைவினாலும் வார்த்தையினாலும் செய்கையினாலும் எல்லாத்துக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டாச்சு. ஒவ்வொரு வாரமும் கேக்கேன். அதுல இதுவும் அடக்கம்தானே? பொறவு எதுக்குத் தனியா இதை மட்டும் எடுத்து, அதுவும் ஒரு சின்னப் பிள்ளை முன்னால, அதுவும் ஆட்டோக்காரன் பாத்துக்கிட்டு இருக்கும்போது?

சொல்லிப் பாக்காம இல்ல ஐயரம்மா. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. காலையில பால் காய்ச்சிக்கிட்டே சொல்லிப் பாத்தேன். 'பெர்சிஸ், பெரியம்மா'ன்னு ஆரம்பிச்சேன். பெரியம்மாவுக்குப் பொறவு கரண்டியை எடுத்துப் பாலைக் கிண்டினேன். மறுபடியும் 'பெர்சிஸ், பெரியம்மா'ன்னேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு. ரெண்டு வார்த்தைதான். என் வாயில வராத ஜெபமா, வராத பிரசங்கமா? ஏன் அது மட்டும் வர மாட்டேங்கு?

அவ இல்லாம எனக்கு என்ன இருக்கு சொல்லுங்க. கல்யாணம் முடிஞ்சதும் மாப்பிள்ளையோட பெங்களூர் போயிருவாளாம். நாளைக்கு நான் படுத்துக் கிடந்தா எனக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க...

ஐயோ. இறங்குதா. ஐயரம்மா, பெர்சிஸ் இறங்குதா. இங்கதான் வாறா. எப்படி மெலிஞ்சு போயிட்டா பாருங்க. என் முடி நல்லா இருக்கா? நீங்க எந்திரிக்காதிய. இங்கயே இருங்க. என் பக்கத்துலயே இருங்க.

வா தங்கம். வா, உள்ள வா. செருப்பைக் கழட்டாண்டாம், பரவால்ல. உக்காரு. உக்கார நேரம் இல்லியா? சரி, நின்னுட்டே பேசு, எப்படியோ பெரியம்மா வீட்டுப் படி மிதிச்சியே. தழும்பு மங்கிட்டா? பாப்போம். சரி, தொடல, தொடல.

என்னது? இந்த மாப்பிள்ளைட்ட நீயே எல்லாத்தையும் சொல்லிட்டியா? மாத்திரை டப்பாவை அவர் கையில குடுத்துப் பேசினியா? நல்லது. நல்ல காரியம். அவர் என்ன சொன்னார்? தினமும் நானே ஞாபகப்படுத்துதேன்னாரா. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். பாத்தியா, நான் ஜெபிச்ச ஜெபம் வீண் போகல... சரி, சரி. அதைச் சொல்லல. முகத்தைத் திருப்பாத.

கேளு. ஒண்ணே ஒண்ணுதானே? கேளு.

அந்த அத்தை உக்காந்திருக்கது தெரிஞ்சுதான் ஜெபிச்சேனான்னா கேக்க?

ஏட்டி, அது... அது வந்து, நீ புரிஞ்சுக்கிடணும். அன்னைக்கு உங்கம்மா என்கிட்ட ஒரு வார்த்தை... இல்ல, அதை விடு. பெரியம்மாவும் மனுஷிதானே? எல்லார்ட்டயும் குறைவு இருக்கு. ஐயரம்மா இங்கதானே இருக்காவ, கேட்டுப் பாரு. விழாத விசுவாசி உண்டா? நான் பூரணம்னு சொல்லல. ஆமாவா இல்லையான்னு கேட்டா எப்படி? ஒரு வார்த்தையில சொல்லுத காரியமா இது? பெர்சிஸ், இங்க பாரு. கையைக் குடு. நீ என் பிள்ளை. இதைக் கேளு, பெரியம்மா மனசைத் திறந்து சொல்லுதேன். உன்னை இடுப்புல சுமந்த இந்தப் பெரியம்மா, கோயில் படியில நீ அத்தனை பேர் முன்னால என்னைப் பேசினதை... அதை என்னைக்கோ உனக்கு மன்னிச்சிட்டேன் தங்கம். மனசார மன்னிச்சிட்டேன்.

ஏன் அப்படிப் பாக்க?

பெர்சிஸ். கையை உருவாத. இரு, பை கட்டி வச்சிருக்கேன், இந்தா எடுத்துட்டு... பெர்சிஸ்! ஏட்டி! லீதியா, நீயாவது சொல்லேன் அவகிட்ட!

போறா.

ஏறிட்டா. ஸ்டார்ட் பண்ணிட்டான். லீதியா திரும்பிப் பாத்தாளா ஐயரம்மா? உங்களுக்குத் தெரிஞ்சிச்சா? எனக்குக் கண்ணுல தண்ணி மறைச்சுட்டு. அவ அழுத மாதிரி இருந்துச்சு. அழுதாளா? திரும்பி வருவாவ. தெரு முக்கு வரைக்கும் போய்த் திருப்பிட்டு வருவான். லீதியாவுக்கு மனசு கேக்காது. இல்லையா?

சத்தம் இல்ல. முக்கைத் தாண்டிட்டான்.

நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? மன்னிச்சேன்னுதானே சொன்னேன்? அதைவிட ஒரு பெரியவ என்ன சொல்ல முடியும்? நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்திய, நீங்க சொல்லுங்க. ஏன் தரையைப் பாக்கிய? என் கையைப் பிடிங்க. இந்த வீட்ல இனி யாரு வருவா ஐயரம்மா? யாரு வருவா?

என்ன, ஜெபிக்கலாங்கியளா? ஜெபிங்க. நீங்களே ஜெபிங்க. எனக்கு இன்னைக்கு முடியாது. முழங்கால் போட வேண்டாம், இப்படியே கண்ணை மூடிக்கிடுதேன்.

இருங்க. ஐயரம்மா, இருங்க, நிறுத்துங்க. 'எங்க எப்சிபா டீச்சருடைய இருதயத்தை நீர் அறிவீர்'னு ஆரம்பிக்கிய. பேரெல்லாம் சொல்லாண்டாம். சன்னல் திறந்து கிடக்கு, பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாம் முற்றத்துலதான் நிக்காவ. சத்தம் இல்லாம மனசுக்குள்ளேயே ஜெபிச்சிருங்க. நாலு பேர் காதுல விழுந்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாவ?